அட்டை பிள்ளையின் பெயரில் வரும்

கேள்வி: மெல்பேர்ணில் டண்டினோங் பக்கம் வசிக்கிறோம். எனக்கு இரண்டு பிள்ளைகள். ஏழு மாதத்துக்கு முன் என் தங்கை மனநலம் பாதிக்கப்பட்டு வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டாள். அன்றிரவே அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். மூத்தவளுக்கு 13 வயது, சின்னவனுக்கு 4. தகப்பன் வேறு மாநிலத்தில் இருக்கிறார். எப்போதாவது தொலைபேசியில் கதைப்பார். நீதிமன்றத்துக்கோ வேறு இடத்துக்கோ நாங்கள் போகவில்லை. மூத்தவளுக்கு முட்டு வருத்தம் (ஆஸ்துமா) இருக்கிறது. தங்கையின் ஹெல்த் கெயார் அட்டையை, அதாவது மருந்துக்கான அரசாங்கச் சலுகை அட்டையை, படமெடுத்து வைத்து, அதைக் காட்டித்தான் மருந்து எடுத்துவந்தேன். போன மாதம் அது செல்லாது என்று மருந்தகத்தில் சொல்லிவிட்டார்கள். முழு விலையும் கொடுத்தேன். என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் பெண் ஒருவர், இப்படி வளர்க்கும் பிள்ளைகளுக்குத் தனி அட்டை கிடைக்கும் என்கிறார். என் கணவருக்கு விருப்பமில்லை. "இரண்டு பேரும் உழைக்கிறோம். மச்சாளின் பிள்ளைகளுக்கு மருந்து வாங்க அரசாங்கத்திடம் போய் நிற்பதா? விண்ணப்பம் போட்டால் பிள்ளைகளையும் கொண்டுபோய்விடுவார்கள்" என்கிறார். தங்கைக்கு வருகிற காசு நின்றுவிடுமோ என்று எனக்கும் பயம். நாங்கள் என்ன செய்வது?
– ஒரு பெரியம்மா

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களோடு வேலை செய்யும் பெண் சொன்னது சரி. வளர்ப்புப் பிள்ளைக்கான ஹெல்த் கெயார் அட்டை என்று ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஃபொஸ்டர் சைல்ட் ஹெல்த் கெயார் கார்ட்'. அதைக் கொடுப்பது சென்டர்லிங்க். 'சேர்விசஸ் அவுஸ்திரேலியா' என்ற பெயரில் இயங்கும் மத்திய அரசு நிறுவனத்தின் பகுதி. உங்கள் வீட்டிலிருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அதைக் கேட்கலாம். இனியும் பிந்தாமல் கேளுங்கள் என்று நான் சொல்வேன். ஏழு மாதம் ஏற்கெனவே போய்விட்டது.

நம்மவர்களில் பலர் இதைக் கேட்காமல் விடுவதற்கு அந்தப் பெயரே ஒரு காரணம். 'ஃபொஸ்டர்' என்ற சொல் காதில் விழுந்ததும், முன்பின் தெரியாத ஒரு பிள்ளையை அரசாங்கம் கொண்டுவந்து ஒரு வீட்டில் ஒப்படைப்பதுதான் நினைவுக்கு வருகிறது. "இவள் என் தங்கச்சியின் மகள், என் பிள்ளை மாதிரி, இவளை எப்படி ஃபொஸ்டர் பிள்ளை என்று எழுதுவது?" என்று ஒரு தாய் என்னிடம் அழுதிருக்கிறார். அவருடைய மனம் எனக்கு விளங்கியது. ஆனால் இந்த அட்டையைப் பொறுத்தவரை அந்தச் சொல்லுக்குப் பொருள் விரிவானது. நீங்கள் பெற்றதும் சட்டப்படி தத்தெடுத்ததும் அல்லாத ஒரு பிள்ளை உங்களோடு வாழ்ந்து உங்கள் பராமரிப்பில் வளர்கிறதா என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியது. நீதிமன்ற உத்தரவோடு வந்த ஏற்பாடும் அதில் அடங்கும். உங்களைப் போல ஓர் இரவில் குடும்பத்துக்குள்ளேயே முடிவெடுத்துச் செய்த ஏற்பாடும் அடங்கும். அம்மம்மா, மாமா, சித்தி, பெரியம்மா வளர்ப்பதை இங்கே உறவினர் பராமரிப்பு என்கிறார்கள். பெற்றோரைப் பிரிந்து அரசின் பதிவோடு பராமரிக்கப்படும் பிள்ளைகளிலேயே பாதிக்கு மேற்பட்டோர் இந்த நாட்டில் உறவினர் வீடுகளில்தான் இருக்கிறார்கள். எந்தப் பதிவும் இல்லாமல் வளர்க்கும் உங்களைப் போன்றவர்கள் அந்தக் கணக்குக்கும் வெளியே.

இனி எழுதப்போவதை உங்கள் கணவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஐயா, அந்த அட்டையில் உங்கள் பெயர் இருக்காது. மனைவியின் பெயரும் இருக்காது. பிள்ளைக்கு ஓர் அட்டை, அதில் அந்தப் பிள்ளையின் பெயர் மட்டும். அதை வைத்து உங்களுடைய மருந்தையோ உங்கள் சொந்தப் பிள்ளைகளின் மருந்தையோ குறைந்த விலைக்கு வாங்க முடியாது. வளர்ப்பவரின் வருமானத்தை வைத்து இந்த அட்டையைக் கொடுப்பதுமில்லை, மறுப்பதுமில்லை. நீங்கள் இரண்டு வேலை செய்தாலும், சொந்தமாக இரண்டு வீடு வைத்திருந்தாலும் பிள்ளைக்கு அட்டை உண்டு. ஆகவே நீங்கள் கையேந்துவதாக யாரும் எண்ண இடமில்லை. தாயின் வீட்டை விட்டு வர நேர்ந்த ஒரு பிள்ளைக்கு இந்த நாடு ஒதுக்கி வைத்திருக்கும் உரிமை அது. பெரியப்பாவின் வைராக்கியத்துக்காக அதை வேண்டாம் என்று சொல்லும் உரிமை நமக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

உங்கள் வைராக்கியத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. இருபது வருடமாகச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். யாரிடமும் எதுவும் கேட்காமல், இரவு வேலைக்குப் பிறகு பகலிலும் வான் ஓட்டி, உடன்பிறந்தோரின் பிள்ளைகளை ஆளாக்கிய ஆண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களை நினைத்தால் எனக்கு மரியாதைதான். ஆனால் அப்படியொரு வீட்டில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி, முட்டுக்கு வாயால் இழுக்கும் மருந்தான பஃபரை, இரண்டு தடவை இழுக்க வேண்டியதை ஒரு தடவை மட்டும் இழுத்து மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தாள். மருந்தகத்தில் மாமா காசு எண்ணிக் கொடுத்ததை அவள் பார்த்திருக்கிறாள். மாமா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, அவளாகவே முடிவெடுத்துக்கொண்டாள். தாய் வீட்டைப் பிரிந்த பிள்ளைகள், நாம் அவர்களால் செலவு செய்வதை உன்னிப்பாகக் கவனிக்கிறார்கள். உங்கள் வீட்டு மூத்தவளும் கவனித்துக்கொண்டிருப்பாள்.

பிள்ளைகளைக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயரைப் பதிந்தால் ஆபத்து என்று வாழப் பழகிய ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். எந்தப் படிவத்தைக் கண்டாலும் வயிற்றில் ஒரு கலக்கம் வருவது இயல்பு. அதனால் இந்த இரண்டு அலுவலகங்களையும் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சென்டர்லிங்க் மத்திய அரசுக்குரியது. பிள்ளைகள் பாதுகாப்பு, விக்டோரியா மாநில அரசின் குடும்பங்கள், நியாயம், வீடமைப்புத் திணைக்களத்தின் பொறுப்பு. அட்டைக்கு விண்ணப்பிப்பது அந்தத் திணைக்களத்திடம் செய்யும் முறைப்பாடு ஆகாது. பிள்ளைக்குத் தீங்கு நேர்கிறது, காக்க ஆளில்லை என்ற நிலையில்தான் அவர்கள் தலையிடுவார்கள். உங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளும் சாப்பிட்டு, படித்து, நேரத்துக்குத் தூங்குகிறார்கள். தங்கையைச் சேர்த்திருக்கும் வைத்தியசாலையின் சமூகப் பணியாளருக்கும் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பது அநேகமாகத் தெரிந்திருக்கும். ஒளிப்பதற்கு உங்களிடம் ஒன்றுமில்லை.

சகோதரி, இனி உங்களுடைய பயத்துக்கு வருகிறேன். தங்கையின் காசு. இது உண்மையான கேள்வி, இதற்கு இனிப்பான பதில் தர மாட்டேன்.

பிள்ளைகளுக்காகத் தாய்க்கு வரும் குடும்பக் கொடுப்பனவு, பிள்ளை யாரோடு வாழ்கிறதோ அவர் பக்கம்தான் போக வேண்டும் என்பது விதி. 'ஃபமிலி டக்ஸ் பெனிபிட்' என்று வருவது அது. பிள்ளையின் பராமரிப்பில் குறைந்தது 35 வீதத்தையாவது ஒருவர் ஏற்றிருந்தால்தான் அதில் அவருக்குப் பங்கு உண்டு. ஏழு மாதமாக இரவும் பகலும் உங்களோடு இருக்கும் பிள்ளைகளுக்குத் தங்கையின் கணக்கில் அந்தப் பணம் இன்னும் போய்க்கொண்டிருந்தால், அது ஒரு நாள் கடனாகத் திரும்பி வரும். அந்தக் கடன் கடிதம் தங்கையின் பெயருக்குத்தான் வரும். அதுவும் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பி, கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும் நேரத்தில். நோயிலிருந்து மீள்பவருக்கு நான் அஞ்சும் விடயங்களில் அதுவும் ஒன்று. ஆகவே சொல்லாமல் இருந்து தங்கையைக் காப்பாற்றுவதாக எண்ண வேண்டாம்.

உங்கள் தங்கையின் அட்டை மருந்தகத்தில் செல்லாமல் போனதற்கும் இது காரணமாக இருக்கலாம். தாயின் அட்டையில் பிள்ளையின் பெயர் அவரைச் சார்ந்திருப்போர் வரிசையில் இருக்கும். பிள்ளை வேறு வீட்டில் வளர்கிறது என்று பதிவானதும் அந்தப் பெயர் நீக்கப்படும். அல்லது தாய் சுகமின்றிக் கிடக்கையில் சென்டர்லிங்க் அனுப்பிய கடிதத்துக்குப் பதில் போகாமல், அட்டையே நின்றிருக்கும். எதுவானாலும், தங்கையின் பேரில் இப்போது என்ன கொடுப்பனவு நடக்கிறது, எது நின்றுவிட்டது என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். தங்கை அனுமதி கொடுத்தால், வைத்தியசாலையின் சமூகப் பணியாளர் அவருக்காகச் சென்டர்லிங்கோடு கதைப்பார். பிள்ளைகளுக்கான பணம் குறைந்தாலும், வேலை செய்ய முடியாத நோய்க்காகத் தங்கைக்கென்று கேட்கக்கூடிய கொடுப்பனவுகள் வேறு உள்ளன. "என் தங்கைக்கு என்ன மாற்று ஏற்பாடு?" என்று அந்தச் சமூகப் பணியாளரிடம் நேராகக் கேளுங்கள். கேட்டுப் பெற வேண்டிய வேலை அது, அவருடைய பணியும் அதுதான்.

உங்கள் இருவரின் வருமானத்தைப் பொறுத்து அந்தக் குடும்பக் கொடுப்பனவு உங்களுக்குக் கிடைக்காமலும் போகலாம். அது கிடைக்காவிட்டாலும் பிள்ளைகளின் அட்டைக்குக் குறையில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, "நமக்குக் கிடைக்காது" என்று அட்டையையும் கைவிட்ட குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

தங்கையிடம் இதை எப்படிச் சொல்வது? நாள் பார்த்துச் சொல்லுங்கள். கொஞ்சம் தெளிவாக இருக்கும் பிற்பகலில், நீங்கள் மட்டும் போங்கள். கணவரையும் ஊரவரையும் கூட்டிப் போக வேண்டாம். "பிள்ளைகளை எழுதி வாங்க வந்திருக்கிறாள்" என்ற எண்ணம் ஒரு கணம் கூட அவருக்கு வந்துவிடக் கூடாது. "நீ வரும்வரை மருந்துக்கும் பல்லுக்கும் ஒரு அட்டை எடுத்து வைக்கப் போகிறேன். அதில் மகளின் பெயர் மட்டும்தான் இருக்கும்" என்று சொல்லுங்கள். பிறகு ஒரு கடிதம் கேளுங்கள். பிள்ளைகளின் முழுப் பெயர், பிறந்த தேதி, எந்தத் தேதியிலிருந்து உங்களோடு வாழ்கிறார்கள், சாதாரண வைத்தியத்துக்கு நீங்கள் சம்மதம் சொல்லலாம் என்பது, பாடசாலையோடு நீங்கள் கதைக்கலாம் என்பது – இவ்வளவும் இருந்தால் போதும். கீழே கையொப்பமும் தேதியும்.

அவர் எழுதும் நிலையில் இல்லையென்றால் வற்புறுத்த வேண்டாம். விக்டோரியாவில் முறைசாரா உறவினர் பராமரிப்பாளர்களுக்கென்றே ஒரு சத்தியக் கூற்றுப் படிவம் இருக்கிறது. ஊரில் சத்தியக் கடதாசி என்போமே, அதுபோல. பிள்ளைகள் உங்கள் பராமரிப்பில் இருப்பதை நீங்களே உறுதிமொழியாக எழுதிக் கையெழுத்திடலாம். இதற்குச் சட்டத்தரணியிடம் போய்க் காசு கொடுக்கத் தேவையில்லை. வைத்தியர், மருந்தாளர், பொலிஸ் அதிகாரி போன்றோர் சாட்சிக் கையொப்பம் இடலாம். உங்கள் மருந்தகத்தில் மருந்து எடுத்துத் தரும் மருந்தாளரே இதற்குப் போதும். அவர் முன்னால்தான் கையெழுத்திட வேண்டும். வீட்டிலேயே இட்டுக்கொண்டு போய்விடாதீர்கள். பாடசாலையும் வைத்தியசாலையும் இந்தத் தாளைப் பார்த்துவிட்டு உங்களோடு வேறு விதமாகக் கதைப்பார்கள். ஆனால் இது உங்களைச் சட்டப்படி பெற்றோராக்கிவிடாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்டர்லிங்குக்குப் போகும்போது உங்கள் அடையாள ஆவணம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மெடிகெயார் (அரசின் மருத்துவக் காப்பீடு) இலக்கம், தங்கையின் கடிதம் அல்லது சத்தியக் கூற்று, பாடசாலையிலோ கிண்டரிலோ (பாலர் பள்ளி) உங்கள் முகவரி பதிந்திருப்பதைக் காட்டும் ஒரு தாள் ஆகியவற்றை ஒரே கோப்பில் கொண்டுபோங்கள். பாடசாலை அதிபரோ குடும்ப வைத்தியரோ "இந்தப் பிள்ளை இன்னாரோடு வாழ்கிறது" என்று இரண்டு வரி எழுதித் தந்தால் இன்னும் நல்லது. கதைக்கும்போது "ஹெல்த் கெயார் அட்டை வேண்டும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். குறைந்த வருமானக்காரருக்கான அட்டைப் படிவத்தை நீட்டி, உங்கள் சம்பளத்தைக் கேட்டு, இல்லை என்று அனுப்பிவிடக்கூடும். "வளர்ப்புப் பிள்ளைக்கான ஹெல்த் கெயார் அட்டை" என்று முழுப் பெயரைச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளையும் உறவினரின் பிள்ளைகளையும் வளர்ப்போருக்கென்று அங்கே தனி ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு இணைத்துவிடும்படியும் கேளுங்கள்.

ஆங்கிலத்தில் சமாளிப்பீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. என்றாலும் இந்த விடயத்தைத் தமிழில் கதையுங்கள். சென்டர்லிங்கோடு தமிழில் கதைப்பதற்கான இலக்கம் 131 202. வேறு எந்த அலுவலகத்துக்கும் உரைபெயர்ப்பாளரை அழைக்க 131 450. இரண்டுக்கும் நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. நான் இதை வலியுறுத்துவதற்குக் காரணம் மூத்தவள்தான். நம்முடைய வீடுகளில் ஆங்கிலம் நன்றாகக் கதைக்கும் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, "நீ சொல்லம்மா" என்று தொலைபேசியைக் கொடுத்துவிடுவது வழக்கம். மின்சாரக் கட்டணம் என்றால் பரவாயில்லை. தன் தாய்க்கு என்ன நோய், தான் ஏன் தாயோடு இல்லை, தன்னை வளர்ப்பவர்களுக்கு எவ்வளவு வருமானம் என்பதையெல்லாம் ஓர் அந்நியருக்கு அந்தப் பிள்ளையின் வாயாலேயே மொழிபெயர்க்க வைப்பது கொடுமை. அவள் மறுக்க மாட்டாள். நன்றாகவே செய்தும் முடிப்பாள். அன்றிரவு தூங்க மாட்டாள்.

இனி அட்டையால் என்ன பயன் என்பது. மருந்து விலையில் அது உடனே தெரியும். அரசு மானியப் பட்டியலில் உள்ள மருந்துக்குச் சலுகை அட்டை இல்லாதவர் 2025 இல் ஒரு சீட்டுக்கு 31.60 டொலர் வரை கொடுத்தார். 2026 ஜனவரி முதல் அது 25 டொலராகக் குறைந்திருக்கிறது. அட்டை இருந்தால் 7.70 டொலர். மாதம் ஒரு தடுப்பு மருந்து எடுக்கும் பிள்ளைக்கு வருடத்தில் 300 டொலருக்கும் 92 டொலருக்கும் உள்ள வித்தியாசம் அது. நீல நிறப் பஃபரைச் சீட்டில்லாமலே வாங்கலாம் என்பதால் பலர் தடுப்பு மருந்தை நிறுத்திவிட்டு அதை மட்டும் வைத்துச் சமாளிக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முட்டு வந்த பிறகு இழுப்பது நீலம். வராமல் வைத்திருப்பது தினமும் எடுக்கும் தடுப்பு மருந்து.

மெல்பேர்ணில் இதைச் சொல்லும்போது எனக்கு 2016 நவம்பர் 21 நினைவுக்கு வருகிறது. அன்று மாலை இடி மழையோடு புல் மகரந்தம் நகரமெங்கும் இறங்கியது. சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுவிட முடியாமல் வைத்தியசாலைகளுக்கு ஓடினார்கள். 10 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் நம்மைப் போன்ற தெற்காசியப் பின்னணி கொண்டவர்கள் விகிதத்தை மீறி இருந்தார்கள் என்று பிறகு ஆய்வுகள் காட்டின. முட்டு இல்லாமல் தும்மலும் மூக்கடைப்பும் மட்டும் இருந்தவர்களும் அன்று விழுந்தார்கள். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை உங்கள் மூத்தவளின் பாடசாலைப் பையில் பஃபர் இருக்க வேண்டும். பாடசாலையில் அவளுடைய ஆஸ்துமா நடவடிக்கைத் திட்டத்தில் உங்கள் தொலைபேசி இலக்கம் இருக்கிறதா, அல்லது வைத்தியசாலையில் இருக்கும் தாயின் இலக்கம்தான் இன்னும் இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள்.

அம்புலன்ஸ் விடயமும் அதோடு சேர்ந்ததுதான். குயின்ஸ்லாந்திலும் தஸ்மேனியாவிலும் அங்கு வாழ்பவர்களுக்கு அம்புலன்ஸ் இலவசம். விக்டோரியாவில் அப்படி இல்லை. மெடிகெயாரும் அதற்குப் பணம் கொடுக்காது. ஒரு தடவை ஏற்றிச் சென்றால் ஆயிரம் டொலரைத் தாண்டிப் பில் வரும். ஹெல்த் கெயார் அட்டை வைத்திருப்பவருக்கு வைத்தியத் தேவைக்காக வரும் அம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. உங்களுக்கும் கணவருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதால், குடும்பமாக அம்புலன்ஸ் உறுப்புரிமை எடுத்திருக்கிறீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சு முட்டும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "பில் எவ்வளவு வருமோ" என்று யோசிக்கிற அந்த ஒரு நிமிடம் யாருக்கும் வரக் கூடாது.

பல் வைத்தியத்தில் இரண்டு வழிகள் உண்டு. விக்டோரியாவின் பொதுப் பல் மருத்துவமனைகளில் 12 வயது வரை எல்லாப் பிள்ளைகளையும் பார்ப்பார்கள். ஆகவே சின்னவனுக்கு அட்டை தேவையில்லை. 13 முதல் 17 வரை சலுகை அட்டை கேட்பார்கள். மூத்தவளுக்கு அது இங்கே உதவும். இது தவிர, மத்திய அரசின் பிள்ளைகள் பல் நலத் திட்டத்தில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட தகுதியான பிள்ளைக்கு இரண்டு வருடத்துக்கு 1,100 டொலருக்கு மேல் கிடைக்கிறது. குடும்பக் கொடுப்பனவு பெறும் வீட்டுப் பிள்ளைகளுக்கு உரியது அது. தங்கையின் பிள்ளைகளுக்கு அந்தத் தகுதிக் கடிதம் வந்திருந்தால், அநேகமாகத் தங்கையின் பூட்டிய வீட்டுத் தபால் பெட்டியில் கிடக்கும். போய்த் திறந்து பாருங்கள்.

குடும்ப வைத்தியர் கட்டணம் வாங்காமல் பார்ப்பதற்கு இந்த அட்டை முன்பு பெரிதும் உதவியது. 2025 நவம்பரிலிருந்து எல்லா மெடிகெயார் நோயாளிகளையும் கட்டணமின்றிப் பார்க்க வைத்தியர்களுக்கு ஊக்கத் தொகை கொடுக்கப்படுவதால், அந்த வேறுபாடு இப்போது குறைந்துவிட்டது. பாடசாலை முகாம், விளையாட்டு, சுற்றுலாவுக்கான மாநில அரசு நிதி பற்றிப் பாடசாலை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.

மெடிகெயார் அட்டை வேறு, இந்த அட்டை வேறு. பிள்ளைகள் இப்போது தாயின் அல்லது தகப்பனின் மெடிகெயார் அட்டையில் இருப்பார்கள். ஒரு பிள்ளையின் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட மெடிகெயார் அட்டைகளில் இருக்கலாம். தங்கையின் அட்டையிலிருந்து எடுக்காமலே உங்கள் அட்டையிலும் சேர்க்கக் கேளுங்கள். அதே கடிதமும் அதே கோப்பும் அங்கும் உதவும். மூத்தவள் 15 வயதில் தனக்கென்று ஒரு மெடிகெயார் அட்டை எடுக்கலாம். 14 ஆனதும் அவளுடைய மின்னணு மருத்துவப் பதிவைப் பெரியவர்கள் பார்ப்பது தானாகவே நின்றுவிடும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

இந்த இடத்தில், இதை வாசிக்கும் வேறு சிலருக்காக ஒன்று. தகப்பனோ தாயோ வன்முறையாளராக இருந்து, நீதிமன்றத் தடை உத்தரவோடு பிள்ளையை நீங்கள் மறைவாக வளர்த்துவந்தால், பிள்ளை அவருடைய மெடிகெயார் அட்டையில் இருப்பது ஆபத்து. எந்த ஊரில் எந்த வைத்தியரிடம் போனீர்கள் என்பதை அந்தக் கணக்கின் வழியாக அவர் அறியக்கூடும். மெடிகெயாருக்கு உத்தரவைக் காட்டிப் பிரித்துவிடுங்கள். அதைச் செய்த பிறகு வைத்தியரிடம் பதியுங்கள்.

சின்னவனின் தடுப்பூசிப் பதிவை எடுத்து வையுங்கள். 4 வயதில் போட வேண்டிய ஊசி அவனுக்குத் தவறியிருக்கலாம். தாய் நோயில் விழுந்த வருடம் அது. விக்டோரியாவில் கிண்டரில் சேர தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். ஆனால் பெற்றோரல்லாத ஒருவரின் பராமரிப்புக்குத் திடீரென வந்த பிள்ளைக்கும், ஹெல்த் கெயார் அட்டை உள்ள பிள்ளைக்கும் 16 வாரம் சலுகைக் காலம் உண்டு. முதலில் சேர்த்துக்கொண்டு, அந்த 16 வாரத்துக்குள் ஊசியைப் போட்டுச் சான்றைக் கொடுக்கலாம். "தாள் இல்லை, சேர்க்க முடியாது" என்று யாராவது சொன்னால் இந்தச் சலுகையைக் கேளுங்கள்.

சம்மதம் பற்றி ஒரு சொல். தடிமன், காய்ச்சல், பல் அடைப்பு, ஊசி இவற்றுக்கு உங்கள் கடிதமும் சத்தியக் கூற்றும் பெரும்பாலும் போதும். உயிராபத்தில் வைத்தியர்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்க மாட்டார்கள். திட்டமிட்ட பெரிய சத்திரசிகிச்சைக்கோ கடவுச்சீட்டுக்கோ தாய் தகப்பனின் கையெழுத்து, அல்லது நீதிமன்ற உத்தரவு வேண்டும். ஒரு பிள்ளையின் நலனில் அக்கறையுள்ள உறவினர் குடும்ப நீதிமன்றத்தில் பராமரிப்பு உத்தரவு கேட்க 1975 ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் இடம் கொடுக்கிறது. தங்கை தேறி வருவார் என்று நம்பியிருக்கும் இந்த நிலையில் அதற்கு அவசரப்பட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தங்கையின் நிலை ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தாலோ, தகப்பன் வந்து பிள்ளைகளைத் தரச் சொன்னாலோ, உடனே விக்டோரியா சட்ட உதவி அமைப்பைக் கேளுங்கள்.

தங்கை வீட்டுக்கு வந்த பிறகும் பிள்ளைகள் ஒரே நாளில் திரும்பிப் போக மாட்டார்கள். முதலில் சனி, ஞாயிறு, பிறகு பாடசாலை விடுமுறை, பிறகுதான் முழுதாக. ஒவ்வொரு மாற்றத்தையும் சென்டர்லிங்குக்குச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் முழுதாகத் தாயிடம் போகும் நாளில் இந்த அட்டைகள் முடியும். அவருடைய புதிய அட்டையில் பெயர்கள் ஏறும். அந்த இடைவெளியில் மருந்து தடைப்படாமல் இருக்க, ஒரு மாத மருந்தை முன்கூட்டியே எடுத்து மூத்தவளின் பையில் வைத்து அனுப்புங்கள்.

இன்னொன்று. தங்கை கடிதம் எழுதச் சம்மதித்தால், ஆங்கிலத்தில் எழுதச் சொல்ல வேண்டாம். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கையெழுத்து மட்டும் வாங்கவும் வேண்டாம். விண்ணப்பத்துக்குத் தேவையான ஆவணங்களைச் சேர்விசஸ் அவுஸ்திரேலியா இலவசமாக மொழிபெயர்க்கும். ஊரில் எடுத்த பிறப்புச் சான்றிதழாக இருந்தாலும் சரி. ஒரு வெள்ளைத் தாளும் பேனையும் கொண்டுபோய்ப் பக்கத்தில் இருங்கள். தன் பிள்ளைகளின் பெயர்களையும் பிறந்த நாள்களையும் அவரே தமிழில் எழுதட்டும்.